மொரீஷியஸ் வானத்தில் நிலாவையும் கோள்களையும் பார்க்கப் பழகுவது எப்படி?

வானியல் தொடக்கப் புத்தகங்களில் பலவும் "முதலில் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடியுங்கள்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. மொரீஷியஸில் இருந்துகொண்டு அதைத் தேடினால் விடியும்வரை தேட வேண்டியதுதான். நம் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 டிகிரியில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் நமக்கு எப்போதும் அடிவானத்துக்குக் கீழேதான். அந்தப் புத்தகங்கள் வடக்கே இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்கள் தெற்கே பார்த்து நின்று நிலாவைப் பார்க்கிறார்கள், நாம் பெரும்பாலும் வடக்கே பார்த்து நிற்கிறோம். அதனால் படங்கள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். இதைச் சொல்லித் தர ஆள் இல்லாமல், தனக்கு எதுவும் பொருந்தவில்லை என்று விட்டுவிட்டவர்கள் இங்கே நிறையப் பேர்.

இந்தக் கட்டுரை இந்தத் தீவில் இருந்தே தொடங்குபவர்களுக்கு. இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச், வீட்டில் எப்படியும் இருக்கும் தமிழ் நாட்காட்டி அல்லது பஞ்சாங்கம். இவை போதும். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். சிவப்பு வெளிச்சத்தில் அந்தத் தொல்லை குறைவு.

1. முதலில் திசை

தீவில் இருப்பதில் வானம் பார்ப்பவருக்கு ஒரு வசதி உண்டு. நான்கு திசைக்கும் நான்கு கரை இருக்கிறது. மேற்கே பார்க்க ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் அல்லது தமாரின். மாலைப் பிறையும் வெள்ளியும் புதனும் அங்கேதான் கடலுக்குள் இறங்கும். நிலா உதிப்பதைப் பார்க்கக் கிழக்குக் கரை, பெல் மார் பக்கம். தெற்கு வானத்துக்கு சுயாக் அருகே க்ரி-க்ரி. அங்கே நின்றால் எதிரே அண்டார்டிகா வரை நிலமே கிடையாது, விளக்கும் கிடையாது. வடக்கு அடிவானத்துக்குக் காப் மாலெரோ. ஒரு எச்சரிக்கை: க்ரி-க்ரியில் பாறை விளிம்பும் அலையும் ஆபத்தானவை. வெளிச்சம் இருக்கும்போதே போய் இடம் பார்த்து உட்காருங்கள், தனியாகப் போகாதீர்கள்.

க்யூர்பிப், வாக்கோவா பக்கம் வீடு இருப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் கஷ்டம். மேட்டுநிலத்தில் மேகம் சுலபத்தில் விலகாது. மேற்குக் கரைதான் வறண்டது. தென்மேற்கு மூலையில் லெ மார்ன் பக்கம் வானம் நன்றாக இருட்டாகவும் இருக்கும். போர்ட் லூயி, ரோஸ் ஹில், கத்ர் போர்ன் போன்ற இடங்களில் தெருவிளக்கு அதிகம் என்றாலும், நிலாவுக்கும் கோள்களுக்கும் அது தடையே இல்லை. மொட்டை மாடி போதும். மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். நவம்பருக்குப் பிறகு மழையும் புயலும் வரும். ஆனால் புயல் கடந்துபோன சில இரவுகளில் காற்று கழுவிவிட்டதைப் போலத் தெளிவாக இருக்கும், அதை விடாதீர்கள்.

திசையைக் கைபேசியில் பார்த்துவிடலாம்தான். ஆனால் சூரியனை வைத்துப் பார்த்தால் வானமே புரியும். ஆண்டின் பெரும்பகுதி நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே விழுகிறது. நவம்பர் 22-ஐ ஒட்டியும் ஜனவரி 20-ஐ ஒட்டியும் அது நேர் உச்சிக்கு வரும். அன்று நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. போர்ட் லூயியில் நவம்பரில் ஏறக்குறைய 11.56 மணிக்கும் ஜனவரியில் 12.21 மணிக்கும் இதைப் பார்க்கலாம். தெற்கே சுயாக்கில் ஓரிரு நாள் முன்பின்னாக வரும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் மட்டும் நண்பகல் சூரியன் நமக்குத் தெற்கே. சூரியன் மறையும் இடமும் நிலையாக இல்லை. ஜூனில் வடமேற்கு நோக்கியும் டிசம்பரில் தென்மேற்கு நோக்கியும் சுமார் 25 டிகிரி வரை நகரும்.

அளக்கக் கருவி உங்கள் கைதான். கையை முழுக்க நீட்டி முஷ்டியைப் பார்த்தால் அது சுமார் 10 டிகிரி. சுண்டுவிரல் அகலம் 1 டிகிரி. நிலாவின் அகலம் அரை டிகிரிதான். உதிக்கும் முழுநிலா எவ்வளவு பெரிதாகத் தோன்றினாலும் நீட்டிய சுண்டுவிரல் அதை மறைத்துவிடும். செய்து பாருங்கள், முதல் தடவை யாரும் நம்புவதில்லை.

2. ஒரு மாதம் நிலாவை மட்டும்

அமாவாசை முடிந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தொடங்குங்கள். மூன்றாம் பிறை பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே உண்டு. சூரியன் மறைந்து அரை மணி கழித்து மேற்கே பாருங்கள். நோட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: தேதி, மணி, எந்தத் திசையில் எத்தனை முஷ்டி உயரம், ஒளிர்ந்த பக்கம் எது. ஒரு சின்ன வட்டம் வரைந்து ஒளிராத பகுதியைப் பென்சிலால் நிரப்புங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை.

அடுத்த நாள் அதே மணிக்குப் பார்த்தால் நிலா ஒரு முஷ்டிக்குச் சற்று மேல் கிழக்கே தள்ளி நிற்கும். நட்சத்திரங்களிடையே அது ஒரு நாளில் சுமார் 13 டிகிரி நகர்கிறது. அதனால் நிலா உதிக்கும் நேரமும் சராசரியாக நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப் போகிறது. முதல் வாரம் முடியும்போது, அரை நிலா சூரியன் மறையும் நேரத்தில் உச்சியை ஒட்டி இருக்கும். பௌர்ணமியில் சூரியன் மறைய மறைய எதிர்ப்பக்கம் உதிக்கும். தேய்பிறை அரை நிலாவுக்கு நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும், அல்லது காலை ஏழு மணிக்கு வெளியே வந்து பார்க்கலாம். பகலில் நிலா தெரியாது என்று நினைப்பவர்கள் இந்த வாரத்தில் மாறிவிடுவார்கள்.

வளர்பிறை அரை நிலா உயரத்தில் இருக்கும்போது வடக்கே பார்த்து நில்லுங்கள். ஒளிர்ந்த பக்கம் இடது கையில் இருக்கும், ஏனென்றால் அதுதான் மேற்கு. ஐரோப்பியப் படங்களில் அது வலப்பக்கம். பாடப் புத்தகப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் சரியாகிவிடும், வேறு வித்தை தேவையில்லை. ஒளிக்கதிர்கள் சிதறிய மாதிரித் தெரியும் டைக்கோ பள்ளம் அவர்களுக்குக் கீழே, நமக்கு மேலே. தனியாக ஒரு கருநீல முட்டை போல இருக்கும் கிரிசியம் சமவெளி அவர்களுக்கு மேல்வலம், நமக்குக் கீழ்இடம். பிறையின் சாய்வும் மாதத்துக்கு மாதம் மாறும். செப்டம்பர் வாக்கில் மாலைப் பிறை மல்லாந்து கிடக்கும். மார்ச்சில் பார்த்தால் அதே வயதுப் பிறை நன்றாகச் சாய்ந்திருக்கும்.

பிறை ஏன் வளர்ந்து தேய்கிறது என்று கேட்டால் பூமியின் நிழல் என்று சொல்பவர்கள் இன்னும் உண்டு. இல்லை. பூமியின் நிழல் நிலாமேல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டும்தான். இதை வாயால் விளக்குவதைவிட ஒரு சோதனை செய்வது மேல். வளர்பிறை ஆறாம், ஏழாம் நாள் மாலை நான்கு மணிக்கு, சூரியனும் நிலாவும் இரண்டும் வானத்தில் இருக்கும்போது ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் படும் இடத்தில் நின்று, பழத்தை நிலா இருக்கும் திசையில் நீட்டிப் பிடியுங்கள். வெயில் பழத்தின் எந்தப் பகுதியை ஒளிரச் செய்கிறதோ, நிலாவிலும் அதே பகுதிதான் ஒளிர்ந்துகொண்டிருக்கும். சாய்வு உட்படப் பொருந்தும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை, பெரியவர்களுக்குத்தான் இரண்டு தடவை காட்ட வேண்டியிருக்கிறது.

3. பஞ்சாங்கத்தைக் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள்

நல்ல நாள் பார்ப்பது உங்கள் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பஞ்சாங்கத்தில் இருக்கும் திதி என்பது சுத்தமான வானியல் அளவு. நிலா சூரியனை விட்டு 12 டிகிரி விலகினால் ஒரு திதி. முப்பது திதி சேர்ந்தால் 360 டிகிரி, அதாவது அமாவாசை முதல் அடுத்த அமாவாசை வரை. இதற்கு ஆகும் காலம் சராசரி 29.53 நாள். ஆக, நாட்காட்டியில் பஞ்சமி என்று போட்டிருந்தால் சூரியனிலிருந்து நிலா 48 முதல் 60 டிகிரி தள்ளி, அதாவது ஐந்து ஆறு முஷ்டி தூரத்தில் இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். பிறகு கையை நீட்டி அளந்து பாருங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது மணி. சென்னையில் அச்சிட்ட நாட்காட்டியில் இருப்பது இந்திய நேரம். நாம் ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். நாழிகைக் கணக்கில் மூன்றே முக்கால். ஜூன் மாதம் ஒரு நாள் "சதுர்த்தி காலை 7.10 வரை" என்று போட்டிருந்தால் நமக்கு அது 5.40. அந்த மாதத்தில் இங்கே சூரியன் உதிப்பது 6.40 வாக்கில். அப்படியென்றால் சென்னையில் சூரிய உதயத்தில் சதுர்த்தி, நமக்கு உதயத்திலேயே பஞ்சமி. கோயிலில் ஒரு நாளும் இந்தியத் தொலைக்காட்சியில் வேறு நாளும் விரதம் வருவதற்கு இது ஒரு காரணம். யாரும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. அப்புறம் இன்னொன்று: வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில நாழிகை வேறுபடும். வானத்தில் பார்த்து ஒப்பிடுவதற்குத் திருக்கணிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ல ழாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளரைச் சொல்லாமல் போக முடியவில்லை. வெள்ளி ஒரு கரும்புள்ளியாகச் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கக் கிளம்பியவர், 1760-இல் நம் தீவில் வந்து இறங்கினார். இங்கிருந்து மறுபடி கப்பல் ஏறிப் போவதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று வெள்ளியைக் கடலின் நடுவே, ஆடும் கப்பலிலிருந்துதான் பார்த்தார். அதை வைத்து எந்த அளவும் எடுக்க முடியாது. எட்டு ஆண்டு காத்திருந்து 1769-இல் புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக இருந்தபோது, சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிவிட்டது. ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. அங்கே தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு பதிவு செய்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்ற தமிழ்க் கணிப்பு 41 வினாடி குறைவாக இருந்தது. அன்றைக்கு ஐரோப்பாவில் பேர்பெற்றிருந்த, மாயர் என்ற வானியலாளரின் நிலா அட்டவணைகள் தந்த விடை 68 வினாடி அதிகம். இதற்குப் பல ஆண்டு கழித்து, 1825-இல், ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களை வைத்தே கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாள் இல்லை, பேனா இல்லை. இந்தத் தீவுக்கு முதலில் வந்த தமிழ்க் கைவினைஞர்களில் பலரும் அதே புதுச்சேரியிலிருந்து வந்தவர்கள்தான்.

4. நிலா காட்டித் தரும் நட்சத்திரங்கள்

நட்சத்திரப் பெயர்கள் நமக்குத் தெரியும், எது எங்கே என்றுதான் தெரியாது. பிறந்த நட்சத்திரம் மகம் என்பார், மகத்தை வானத்தில் காட்டச் சொன்னால் சிரிப்பார். இதற்கு நிலாவே வழி. பௌர்ணமி எந்த நட்சத்திரத்தை ஒட்டி வருகிறதோ அதுதான் பெரும்பாலும் அந்த மாதத்தின் திருவிழா: வைகாசி விசாகம், திருக்கார்த்திகை, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசி மகம். சித்திரைப் பௌர்ணமியன்று நிலாவுக்குப் பக்கத்தில் வெண்மையாகத் தெரிவது சித்திரை நட்சத்திரம். கார்த்திகைப் பௌர்ணமியில் நிலா இருப்பது ஆறுமீன் கூட்டத்தின் அருகே. நிலா வெளிச்சத்தில் கூட்டம் மங்கும், மூன்று நாள் கழித்து நிலா உதிக்கும் முன் பார்த்தால் தெளிவாக இருக்கும்.

தைப்பூசத்தன்று காவடி இறக்கி, சாப்பிட்டு முடித்து வெளியே வரும்போது வடகிழக்கே பாருங்கள். நிலா கடக ராசியில், பூச நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் நிற்கும். பழனியில் அதே நிலா நள்ளிரவில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் போகும். நமக்கு வடக்கு வானத்தில் சுமார் 50 டிகிரி உயரம்தான் ஏறும். ஐந்து முஷ்டி. அங்கே இருக்கும் சொந்தக்காரரிடம் கைபேசியில் பேசிக்கொண்டே இரண்டு பேரும் அளந்து பார்க்கலாம். பூமி உருண்டை என்பதற்கு இதைவிடச் சுலபமான நிரூபணம் எனக்குத் தெரியாது.

மார்கழி, தை மாத மாலைகளில் வடக்கே உயரத்தில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக இருக்கும். அது ஓரியன் வேடனின் இடுப்புக் கச்சை. அதற்குக் கீழ்வலத்தில் செந்நிறமாக இருப்பது திருவாதிரை, மேல்இடத்தில் வெண்ணீலமாக இருப்பது ரைஜல். படத்தில் வேடன் நிமிர்ந்து நிற்பான், இங்கே தலைகீழாகத் தொங்குகிறான். தெற்கே திரும்பினால் அகத்திய நட்சத்திரம். தமிழ்நாட்டில் அது தெற்கே தாழ்வாகத்தான் தெரியும். நமக்கு 57 டிகிரி உயரம் வரை ஏறும். சிரியஸுக்கு அடுத்து இரவு வானத்தில் பிரகாசமானது அதுதான்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை மாலையில் தெற்கே சிலுவை வடிவில் நான்கு நட்சத்திரங்கள். பக்கத்தில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் அதைச் சுட்டிக்காட்டும். அந்த இரண்டில் பிரகாசமானது ஆல்ஃபா சென்டாரி, சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம், சுமார் 4.4 ஒளியாண்டு. சுட்டும் இரண்டு நட்சத்திரங்கள் இல்லாவிட்டால் நீங்கள் பார்ப்பது பொய்ச் சிலுவை. அது இன்னும் பெரிது, மங்கல். உண்மைச் சிலுவையின் நீள அச்சை அடிப்பக்கமாக நான்கரை மடங்கு நீட்டினால் தென் துருவப் புள்ளி வரும். அங்கே குறிப்பிடும்படி நட்சத்திரம் எதுவும் இல்லை. அந்தப் புள்ளி அடிவானத்திலிருந்து 20 டிகிரி, இரண்டு முஷ்டி உயரம். அதிலிருந்து நேர் கீழே இறங்கினால் தெற்கு. அக்டோபர், நவம்பர் மாலைகளில் சிலுவையைத் தேட வேண்டாம், அது மறைந்திருக்கும்.

அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது நம் கல்யாணங்களில் இன்றும் உண்டு. பகல் பத்து மணிக்கு ஐயர் மேலே கையைக் காட்டுவார், எல்லோரும் தலையாட்டுவோம். உண்மையான அருந்ததியை இங்கிருந்து பார்க்க முடியும். மே, ஜூன் மாதங்களில் இரவு எட்டு ஒன்பது மணிக்கு, வடக்கு அடிவானம் மறைக்காத இடத்தில் நின்றால், சப்தரிஷி மண்டலம் கவிழ்ந்து கிடக்கும். வால் பகுதியின் நடு நட்சத்திரம் வசிஷ்டர், ஒட்டிக்கொண்டு சின்னதாக இருப்பது அருந்ததி. சுமார் 15 டிகிரி உயரம்தான். காப் மாலெரோ கடற்கரை இதற்கு ஏற்ற இடம். புதுமணத் தம்பதிகளுக்கு ஒரு மாலைப் பயணத்துக்கு நல்ல சாக்கு.

5. கோள்கள்

வெறுங்கண்ணுக்குத் தெரிபவை ஐந்து: புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி. இவை கண்டபடி எங்கும் இருக்காது. சூரியனும் நிலாவும் போகும் பாதையை ஒட்டிய ஒரு பட்டையில்தான் இருக்கும், அதுதான் பன்னிரண்டு ராசிகள். அந்தப் பட்டை நமக்கு உச்சியையோ வடக்கையோ ஒட்டிப் போகும். எனவே தெற்கே தாழ்வாக ஒரு பிரகாசமான புள்ளியைப் பார்த்தால் அது கோள் அல்ல.

ராசிக் கட்டத்தை இதற்கும் பயன்படுத்தலாம். பஞ்சாங்கத்தில் குரு எந்த ராசியில் என்று போட்டிருக்கிறதோ, வானத்திலும் ஏறக்குறைய அதே நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் வியாழன் இருக்கும். பிரெஞ்சுப் பத்திரிகை ராசிபலனில் வரும் ராசிகள் இப்படிப் பொருந்தாது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் அந்தக் கணக்கு நட்சத்திரங்களை விட்டு இப்போது சுமார் 24 டிகிரி விலகிவிட்டது. வியாழன் சூரியனைச் சுற்ற 12 ஆண்டு, ராசிக்கு ஓர் ஆண்டு. சனி சுற்ற 29 ஆண்டுக்கு மேல், ராசிக்கு இரண்டரை ஆண்டு. குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று நாம் கொண்டாடுவது இந்த நகர்வைத்தான். ஆகவே ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் போதும், இந்த இரண்டும் எங்கும் ஓடிவிடாது.

இன்னும் சுலபமான வழி நிலா. மாதம் ஒரு தடவை அது ஒவ்வொரு கோளையும் கடந்து போகும். நாட்காட்டியில் எந்த நாள் என்று பார்த்துக்கொண்டு, அன்று நிலாவுக்குப் பக்கத்தில் மினுங்காமல் நிலையாக எரியும் புள்ளியைப் பாருங்கள்.

வெள்ளியைத் தெரியாதவர் இல்லை. மாலையிலோ விடியலிலோ, சூரியனிலிருந்து 47 டிகிரிக்கு மேல் விலகாமல் நிற்கும். நள்ளிரவில் வெள்ளி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எட்டு ஆண்டுக்கு ஒரு தடவை ஏறக்குறைய அதே தேதியில் அதே இடத்துக்கு வந்துவிடும். புதன் அதிகபட்சம் 28 டிகிரிதான் விலகும், அதனால் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். நமக்கு நல்ல வாய்ப்பு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைக்குள் வரும் மாலைத் தோற்றம். அப்போது சூரியப் பாதை மேற்கு அடிவானத்தில் செங்குத்தாக நிற்பதால் புதன் இருட்டும்வரை மேலே இருக்கும். வடக்கே இருப்பவர்கள் பொறாமைப்பட வேண்டிய விஷயங்களில் இது ஒன்று.

செவ்வாய் 26 மாதத்துக்கு ஒரு தடவைதான் பூமிக்கு அருகே வரும், மற்ற நாட்களில் சாதாரணச் சிவப்பு நட்சத்திரம் மாதிரி இருக்கும். 2027 பிப்ரவரி 19 அன்று அது சூரியனுக்கு நேர் எதிரே, மகத்தின் அருகே இருக்கும். வியாழனும் அதே மாதம் சூரியனுக்கு எதிரே, சற்று மேற்கே. பிப்ரவரி 20 இரவு முழுநிலாவும் அங்கேயே. மழைக்காலம்தான், ஆனாலும் ஒரு வாரம் முன்பின்னாக எந்த நாள் மேகம் விலகினாலும் இந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம்.

6. எப்போது கருவி வாங்குவது

மூன்று மாதம் கண்ணால் பார்த்த பிறகு. முதலில் வாங்க வேண்டியது பைனாகுலர், 7×50 அல்லது 10×50 (முதல் எண் பெருக்கம், இரண்டாவது முன் வில்லையின் அகலம் மில்லிமீட்டரில்). அதில் நிலாவின் பள்ளங்கள் தெரியும். கையை ஆட்டாமல் சுவரில் சாய்ந்து பிடித்தால் வியாழனின் பக்கத்தில் நிலாக்கள் புள்ளிகளாகத் தெரியும், 1610-இல் கலிலியோ பார்த்தது அவற்றைத்தான். டிசம்பர், ஜனவரி மாதங்களில் தெற்கே மேகத்துணுக்கு மாதிரி இரண்டு தெரியுமே, மெகல்லன் மேகங்கள், அவற்றையும் பாருங்கள். பெரியது சுமார் 1,60,000 ஒளியாண்டு தூரத்தில் உள்ள வேறொரு நட்சத்திர மண்டலம். 1987-இல் அதில் வெடித்த நட்சத்திரம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

சனியின் வளையத்துக்குத்தான் தொலைநோக்கி வேண்டும், 30 மடங்கு பெருக்கம் போதும். பெட்டியின் மேல் "525 மடங்கு" என்று பெரிதாக அச்சடித்த பொம்மைத் தொலைநோக்கியை வாங்காதீர்கள். பெருக்கத்தை விட வில்லையின் அகலமும், ஆடாத தாங்கியும்தான் முக்கியம். கடற்கரைக்குக் கொண்டு போனால் வீட்டுக்கு வந்ததும் உப்புக் காற்றின் ஈரத்தை உலர விட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் நம் ஊர் ஈரப்பதத்தில் வில்லைக்குள் பூஞ்சை பிடிக்கும். கணினியிலோ கைபேசியிலோ ஸ்டெல்லேரியம் என்ற வானத்தைக் காட்டும் செயலியை வைத்துக்கொள்ளலாம். இடத்தைப் போர்ட் லூயி என்று மாற்ற மறக்காதீர்கள்.

7. குறித்து வைக்க வேண்டிய நாட்கள்

சூரிய கிரகணத்துக்கு ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கண்ணாடி கட்டாயம். கருப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படம், தண்ணீரில் பிம்பம் எதுவும் வேண்டாம். பைனாகுலரைச் சூரியன் பக்கமே திருப்பாதீர்கள். சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்வைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் வாசலில் நின்றே பார்க்கலாம்.

ஒவ்வோர் ஆண்டும் மே 5, 6 தேதிகளில், விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, கிழக்கே எரிகற்கள் விழும். ஹாலி வால்நட்சத்திரம் விட்டுச் சென்ற தூசு அது. வடக்கே இருப்பவர்களைவிட நமக்கு அதிகம் தெரியும். டிசம்பர் 13, 14 இரவு ஜெமினிட் எரிகற்கள், நள்ளிரவுக்குப் பிறகு வடக்கே பார்த்துப் படுத்துக்கொள்ளுங்கள். கொசுவர்த்தி அவசியம்.

2028 டிசம்பர் 31 மாலை முழுச் சந்திர கிரகணம். நம் நேரப்படி சுமார் 8.15 முதல் 9.30 வரை நிலா முழுவதும் நிழலுக்குள் இருந்து செம்பு நிறமாகத் தெரியும். வடகிழக்கில் அதிக உயரமில்லாமல் இருக்கும். புத்தாண்டுப் பட்டாசுப் புகை அதற்குள் கிளம்பிவிடும் என்பதால் ஊருக்கு வெளியே, காற்று வீசும் பக்கமாக, கிழக்குக் கரைக்குப் போய்விடுவது நல்லது.

2029-இல் தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு, ஏப்ரல் 13, அபோஃபிஸ் என்ற சிறுகோள் பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகிறது. தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் இருக்கும் உயரத்தைவிடக் குறைவு. மோதாது, பயப்பட வேண்டாம். இந்தியப் பெருங்கடலையும் ஆப்பிரிக்காவையும் கடந்து மேற்கே போகும். மெல்ல நகரும் ஒரு சாதாரண நட்சத்திரம் அளவில் வெறுங்கண்ணுக்கே தெரியும். மிக அருகில் வரும் நேரம் நமக்கு 14-ஆம் தேதி அதிகாலை 1.46. அதற்குப் பல மணி நேரம் முன்பிருந்தே தேடத் தொடங்கலாம். அன்றைக்கு எந்த நேரத்தில் எந்தத் திசை என்று முந்தைய வாரம் ஸ்டெல்லேரியத்தில் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 21 அதிகாலை இன்னொரு முழுச் சந்திர கிரகணம், நடுப்பகுதி நம் நேரம் 2.42. அப்போது நிலா வடமேற்கே சாய்ந்துகொண்டிருக்கும். மொட்டை மாடியில் அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டியோ பக்கத்து வீட்டு மாடியோ மறைக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.